இரவு டேட்டாவில் ஜேர்மன் படித்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கதை. பழைய லப்டொப் ஒன்று 85,000 ரூபாய். அதன் நினைவகத்தை, அதாவது ராமை, கூட்டியதற்கு 11,000. ஆசிரியர் என்று நம்பி ஒருவருக்குக் கொடுத்தது ஏறத்தாழ 23,000. பெயிலான முதல் சோதனையின் கட்டணமும் கொழும்புக்குப் போய்வந்த செலவும் தனி. ஒரு வருடத்து நித்திரைக்கு விலை போடத் தெரியவில்லை. இவ்வளவையும் கொடுத்து வாங்கியது, அடிப்படை ஜேர்மன் தெரியும் என்று சொல்கிற ஏ1 சான்றிதழ் ஒன்று. கொழும்பில் தங்கி வகுப்புக்குப் போயிருந்தால் இதைவிடக் கூட முடிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் போன காசில் பாதி, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லாததால் போனது. வன்னியில் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஏ1 சோதனைக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கிறது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கிளிநொச்சியில் வட்டக்கச்சி. 2021 நவம்பரில் கலியாணம் முடிந்தது. அவர் ஜேர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற அதே ஹம்தான். மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கணவன் அல்லது மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் வருகிறவர் விசாவுக்கு முன்னரே அடிப்படை ஜேர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்பது 2007 முதல் அங்கே சட்டம். ஏ1 என்பது அதற்கான சோதனை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், கதைத்தல் என்று நான்கு பகுதி. 100க்கு 60 எடுத்தால் பாஸ். ஒரு பகுதியில் கோட்டைவிட்டு மொத்தம் 60 வராமல் போனால் அதை மட்டும் திரும்ப எழுத முடியாது, முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். கொழும்பில் மூன்று மாத வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு என்று விசாரித்தபோது ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாது என்றார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை அம்மா. 2009இல் காலில் பட்ட காயம், தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. வீட்டில் இரண்டு மாடும் நின்றன.

“அவரே சொல்லித்தரலாமே” என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. எல்லாரும் கேட்டார்கள். அவர் ரெஸ்ரோறன்ட் குசினியில் வேலை முடித்து வீட்டுக்கு வரும்போது அங்கே இரவு 11 மணி. பதினொரு வருடமாகக் குசினியில் பழகிய ஜேர்மன், அதில் இலக்கணம் கிடையாது என்று அவரே சொல்வார். போதாததற்கு நான் பிழைவிட்டால் சிரிப்பார். புருசனிடம் மோட்டார் சைக்கிள் பழகப் போனவர்களுக்கு மிச்சக் கதை விளங்கும். இரண்டாம் நாளே கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன்.

கம்பஸில் படிக்கிற தம்பி முறையான ஒருவன்தான் இந்த வழியைச் சொன்னான். விஆர்சட் என்று ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது, ஆக்கள் உருவம் எடுத்து இணையத்தில் கூடிக் கதைக்கிற இடம், தலையில் மாட்டுகிற கருவி இல்லாமல் கொம்பியூட்டரிலும் போகலாம், ஜப்பான்காரரும் இங்கிலீஷ் கதைக்கிறவர்களும் ஒருவரிடம் ஒருவர் மொழி பழகுவதற்கென்றே அதற்குள் ஒரு இடம் இருக்கிறது, அப்படி ஜேர்மன்காரர் கூடுகிற இடங்களும் இருக்கும் என்றான். அந்த ஒரு பேச்சை நம்பி ரவுனுக்குப் போய் லப்டொப் வாங்கினேன். கடைக்காரர் “எல்லாக் கேமும் ஓடும் தங்கச்சி” என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் உள்ளே நுழைகிற இடத்திலேயே வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது. மூன்று நாள் சுற்றியது. அதற்குள் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, ராம் 4 ஜிபி. திரும்பிக் கொண்டுபோனபோது “விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்லை” என்று சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். ஆகவே வாங்கும்போது செய்ய வேண்டியது இது: உங்களுக்கு எந்த மென்பொருள் வேண்டுமோ அதைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், உங்கள் போனிலிருந்தே இணையத்தைக் கொடுங்கள், கடை மேசையிலேயே போட்டு உள்ளே நடந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கட்டும். பத்து நிமிடச் சுளிப்புத்தானே.

விஆர்சட் சரிவராததால்தான் செகண்ட் லைஃப் பக்கம் போனேன். இதுவும் அதே மாதிரி ஒரு மெய்நிகர் உலகம்தான், ஆனால் பழைய ஆள், 2003இல் தொடங்கியது. வெல்வது தோற்பது என்று எதுவும் அதில் இல்லை. உங்களுக்கென்று ஒரு உருவம், அதை நடக்கவைத்து ஊர் ஊராகப் போகலாம், நிற்கிறவர்களோடு தட்டச்சிலோ குரலிலோ கதைக்கலாம். ஒருகாலத்தில் பெரிய பெரிய மொழி நிறுவனங்கள் எல்லாம் இதற்குள் கட்டடம் கட்டின, சுவீடன் 2007இல் தூதரகமே திறந்தது. பழைய கட்டுரைகளை வாசித்துவிட்டு அந்த வகுப்பறைகளைத் தேடிப்போய் ஒரு கிழமையை வீணாக்கினேன். கதிரையும் கரும்பலகையும் இருந்த இடங்களில் ஆள் இல்லை. ஆக்கள் இருந்தது கடைத்தெருவிலும் நடனக் கூடங்களிலும் தேநீர்க்கடை மாதிரியான இடங்களிலும். ஜேர்மன்காரர் அங்கே நிறையப் பேர், அதுவும் கொஞ்சம் வயதானவர்கள். மொழி பழக அதுதான் வசதி. அவர்களுக்கு அவசரம் இல்லை.

ராமை 8 ஜிபி ஆக்கிய பிறகு என் லப்டொப்பில் அது ஓடியது, ஆனால் திணறித் திணறித்தான். சில அமைப்புகளைக் குறைத்தால் பழைய மெஷினிலும் ஓடும். எவ்வளவு தூரம் வரை காட்டுவது என்பதை 64 மீற்றர் அளவுக்குக் குறைக்கவேண்டும், நிழலை நிறுத்தவேண்டும், கிராபிக்ஸைக் கடைசிப் படிக்கு இறக்கவேண்டும். மரங்கள் எல்லாம் மொட்டையாகத் தெரியும், தெரியட்டும், மரம் பார்க்கவா போகிறோம்? முதல் நாள் இதொன்றும் தெரியாமல் ஒரு பெரிய கடைத்தெருவுக்குள் போய் நின்றேன். ஒரு இரவில் 2 ஜிபி முடிந்துவிட்டது. அமைப்பைக் குறைத்த பிறகு, ஒரே இடத்திலேயே நின்று கதைத்தால், மணித்தியாலத்துக்கு 200, 300 எம்பி என்று நின்றது. ஒவ்வொரு புது இடத்துக்கும் தாவும்போதுதான் டேட்டா ஓடும். எனவே ஒரு இடத்தைப் பிடித்து அங்கேயே போய்வாருங்கள். முகம் பழகுவதற்கும் அதுதான் நல்லது.

என் பக்கேஜில் பாதி டேட்டா இரவு 12க்குப் பிறகுதான் வேலை செய்யும். முதலில் அதைச் சாபமாக நினைத்தேன். பிறகு பார்த்தால் இங்கே நடுச்சாமம் 12 என்றால் ஜேர்மனியில் பனிக்காலத்தில் இரவு ஏழரை, கோடையில் எட்டரை. வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு அவர்கள் வந்து உட்காருகிற நேரம். வீட்டுக்குள் சிக்னல் இரண்டு கோடு, தகரக் கூரைக்குக் கீழே அதுவும் இல்லை. விறாந்தையில் அரைச்சுவரின் மேல் போனை வைத்து, அதிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்து, நுளம்புத்திரியைக் காலடியில் கொளுத்திவிட்டு இருப்பேன். நேரத்தில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. செகண்ட் லைஃபில் எந்த நிகழ்ச்சிக்கும் கலிபோர்னியா நேரத்தைத்தான் போடுவார்கள். மதியம் 12 என்று போட்டிருந்தால் பனிக்காலத்தில் எங்களுக்கு நடுச்சாமம் கழிந்து ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. 2022 மார்ச் 13இல் அமெரிக்கா மணிக்கூட்டை மாற்றியது, ஜேர்மனி 27ஆம் திகதிதான் மாற்றியது. எங்கள் நாட்டில் அந்தப் பழக்கமே இல்லை. அந்த இரண்டு கிழமையும் நான் போகிற நேரத்தில் கூட்டம் முடிந்து கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. லப்டொப் பற்றரி ஒன்றரை மணித்தியாலம் நிற்கும். அதற்குள் கதைத்து முடிக்க வேண்டும். சில நாள் டவரே செத்துக் கிடக்கும்.

உள்ளே போன முதல் மாதத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை. அங்கே இடங்களுக்குத் தரம் இருக்கிறது: பொது, நடுத்தரம், வயதுவந்தவர்களுக்கு மட்டும் என்று மூன்று. தேடும்போது முதலாவதை மட்டும் தெரிவு செய்து வையுங்கள். நான் அதைத் தெரியாமல் தாவி, பார்க்கக்கூடாததைப் பார்த்து, பதறி லப்டொப்பை மூடிவிட்டு அம்மா எழும்பிவிட்டாவா என்று திரும்பிப் பார்த்தேன். உள்ளங்கை எல்லாம் வேர்த்துவிட்டது. பொது இடத்தில் நின்றாலும் வந்து அலட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மறுமொழி எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை, பெயரை அழுத்தித் தடுத்துவிட்டால் அவர்களின் எழுத்தோ குரலோ உங்களுக்கு வராது. மரியாதைக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள், அது ஒன்றைத்தான் மாற்றிக்கொள்ள எனக்குக் கனநாள் பிடித்தது. இன்னொன்று, நீங்கள் பொதுவில் தட்டுகிற எழுத்து 20 மீற்றருக்குள் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். நான் ஒருவரிடம் மட்டும் கேட்கிறேன் என்று நினைத்து வீட்டுப் பிரச்சினையைப் பதினைந்து பேருக்கு முன்னால் எழுதியிருக்கிறேன்.

அந்த மாதங்களில் செய்த மிகப் பெரிய பிழை மொழிபெயர்க்கும் கருவி. அங்கே அதையும் ஒரு நகை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். அவர்கள் ஜேர்மனில் எழுதினால் எனக்கு இங்கிலீஷில் வரும், நான் எழுதினால் அவர்களுக்கு ஜேர்மனில் போகும். மாதக்கணக்காக அப்படிக் கதைத்தேன். சிநேகிதர் சேர்ந்தார்கள், பகிடி விட்டோம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். “நல்லாய்ப் பழகிட்டன்” என்று அவருக்குச் சொன்னேன். உண்மையில் நான் பழகியது இங்கிலீஷ். சரி, அதுவும் நட்டமில்லை. ஆனால் என் காதுக்குள் ஒரு ஜேர்மன் சொல்லும் போகவில்லை. மைக் இருந்தும் போடவில்லை, வெட்கம். குரலில் பிழைவிட்டால் அழிக்க முடியாதே.

மே மாதம் ஒருவர் தனியாகத் தகவல் அனுப்பினார். உருவத்துக்குக் கண்ணாடி, கோட்டு. ஜேர்மன் ஆசிரியர், பெர்லின், 12 பாடம், 15,000 லிண்டன் டொலர் என்றார். லிண்டன் டொலர் என்பது அந்த உலகத்துக் காசு, அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 250 வரும். அதாவது 60 அமெரிக்க டொலர். ஜனவரியில் என்றால் 12,000 ரூபாய். மே மாதம் டொலர் 360 ரூபாய்க்குப் போய்விட்டது, கழிவுகளோடு 23,000 வந்தது. வவுனியாவில் வேலைசெய்கிற மச்சாளின் கார்டில் வாங்கி, அவவுக்குக் கொடுப்பதற்காகத் தோட்டை அடகு வைத்தேன். அம்மாவுக்குக் காது நோகிறது என்று சொன்னேன். இரண்டு பாடம் நடந்தது. மூன்றாவது பாடத்தில் வட்ஸ்அப்புக்கு வா, வீடியோவில் முகம் பார்த்தால்தான் உச்சரிப்புத் திருத்தலாம் என்றார். மாட்டேன் என்றேன். அடுத்த நாள் அந்தப் பெயரே இல்லை.

கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். காசுக்காக மட்டும் அழுததாகச் சொன்னால் பொய். நான் படிக்கிற காலத்தில் படிக்க விடவில்லை, பதின்மூன்று வயதில் பங்கருக்குள் இருந்தேன், இப்போது படிக்க வந்தால் இப்படி என்று எல்லாமும் சேர்ந்து வந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதே எட்டு மாதம் கழித்துத்தான். அந்த ஆளின் பக்கத்தை அழுத்திப் பார்த்திருந்தால் கணக்குத் திறந்த திகதி அதிலேயே இருந்தது: பத்தொன்பது நாள். இதை நான் பிறகுதான் கவனிக்கப் பழகினேன். காசு கேட்கிறவரின் கணக்கு எத்தனை வயது என்று முதலில் பாருங்கள். அந்தக் காசை ஒருவருக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப எடுக்கிற பொத்தான் இல்லை. படிப்பிக்கிறவர் நல்லவர் என்றே வைத்துக்கொண்டாலும் பாடத்துக்குப் பாடம் கொடுங்கள், முழுவதையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கும்போது இப்படி முன்காசு கொடுப்போமா? அதைவிட மோசம், அந்த ஆள் தந்த குறிப்புகளைப் பாடமாக்கியிருந்தேன். “இஹ் ஹாபெ 26 யாரெ” என்று எழுதித் தந்திருந்தார், என்னிடம் 26 வருடம் இருக்கிறது என்கிற மாதிரி. ஜேர்மனில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், “இஹ் பின் 26 யாரெ அல்ட்”, நான் 26 வயதாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். “எனக்கு 26 வயது” என்று பேசுகிற எங்கள் காதுக்கு முதலாவது பிழையாகவே படாது. அந்த ஆள் ஜேர்மன்காரரே இல்லை என்று பிறகு விளங்கியது. 23,000 கொடுத்து வாங்கிய பிழையை மறக்க இன்னும் இரண்டு மாதம் போனது.

இதற்கிடையில் வீட்டிலும் புகைந்தது. நடுச்சாமத்தில் விறாந்தையில் வெளிச்சம் எரிகிறது என்று பக்கத்து வளவில் கதை. ஒரு நாள் குழுக் குரலில் ஆம்பிளைகள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அவர் கோல் எடுத்தார். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டது. “ஆரோட கதைக்கிறீர் இந்த நேரம்?” என்றார். சொன்னேன். “கேம் விளையாடிச் சோதனை பாஸ் பண்ணலாமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?” என்றார். மூன்று நாள் கதைக்கவில்லை. நான் செய்த பிழை, தொடங்கும்போதே காட்டாமல் விட்டது. நான்காம் நாள் வீடியோ கோலைத் திருப்பித் திரையைக் காட்டி, யார் யார், எந்த இடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு “உந்த மரம் ஏன் மொட்டையாய் நிக்குது?” என்றார். அதோடு முடிந்தது. கணவன், அம்மா, மாமி, யாராக இருந்தாலும் முதல் கிழமையே பக்கத்தில் இருத்திக் காட்டிவிடுங்கள்.

செப்டெம்பரில் கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதினேன். இரவு பஸ், ஏ9 வீதியில் ஏறினால் விடிய இறங்கலாம். நித்திரை இல்லை. கேட்டல் பகுதியில்தான் விழுந்தேன். ரயில் நிலையத்து அறிவிப்பு, ரெலிபோனில் விட்ட தகவல் என்று ஓடவிடுவார்கள். அதில் அறிவிப்புகள் ஒரு தடவைதான். ஜேர்மனில் 25 என்பதை ஐந்தும் இருபதும் என்று பின்பக்கமிருந்து சொல்வார்கள். எட்டு மாதமாக 25 என்று இலக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவளுக்குக் காதில் முதலில் ஐந்து கேட்டது, 52 என்று எழுதிவிட்டேன். விலை, நேரம், மேடை இலக்கம் எல்லாம் இப்படியே தலைகீழ். எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பிறகு முப்பது சொல் அளவில் ஒரு சிறு கடிதம். ஜேர்மனில் பெயர்ச்சொல் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சட்டில் ஒருவரும் அப்படி எழுதுவதில்லை, எல்லாம் சின்ன எழுத்து, பாதிச் சொல். என் கையும் அப்படியே எழுதியது. கதைத்தலில் இன்னொரு கூத்து. எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறது. அவர்களிடம் இரண்டு, “டூ” என்றால் நீ, “ஸீ” என்றால் நீங்கள். மெய்நிகர் உலகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் “டூ”. எண்பது வயதுக்காரருக்கும் “டூ”. நான் கண்டது அது ஒன்றுதான் என்பதால் சோதனை எடுக்கிற அம்மாவைப் பார்த்தும் “டூ” என்று கேட்டுவிட்டேன். அவ சிரித்தா, நான் உறைந்துபோனேன். வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு இந்தப் பிழை வராது. எங்கள் ஊரில் பள்ளிக்கூட அதிபரைப் போய் “நீ” என்று கேட்டுப் பாருங்கள், அப்போது என் நிலைமை விளங்கும். 52 புள்ளி. எட்டுப் புள்ளியில் போனது.

திரும்பி வருகிற பஸ்ஸில் லப்டொப்பை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தேன். விற்பதற்கு முன் விடைபெறலாம் என்று போனபோதுதான் அந்த அம்மாவைச் சரியாகச் சந்தித்தேன். ஏற்கெனவே தெரிந்த முகம், ஒரு தேநீர்க்கடை முற்றத்தில் தினமும் வந்து நிற்பா. ஓய்வுபெற்றவ, வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக முடியாத உடம்பு. பெயில் என்று எழுதினேன். அவ மொழிபெயர்ப்புக் கருவியைக் கழற்றச் சொன்னா. பிறகு மைக்கைப் போடச் சொன்னா. போட்டேன். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் மயில் அகவியது. அது எப்படி அகவும் என்று உங்களுக்குத் தெரியும், ஹெட்செட்டில் அவவுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். “வாஸ் இஸ்ட் தாஸ்?” என்றா. அது என்ன? எனக்குச் சொல் தெரியவில்லை. ஜேர்மனில் எனக்குத் தெரிந்த ஆறு சொல்லை வைத்து விளக்கினேன்: பெரிய பறவை, நீலம், பச்சை, நீள உடுப்பு. வால் என்பதற்குச் சொல் தெரியாமல்தான் உடுப்பு என்றேன். அவ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு “டேர் ப்ஃபௌ” என்றா. ஏ1 சோதனையில் மயில் வராது. ஆனால் நான் தட்டாமல், பார்க்காமல், வாயால் சொல்லி இன்னொருவருக்கு விளங்கவைத்த முதல் விசயம் அதுதான். அன்று லப்டொப் விற்கிற எண்ணம் போய்விட்டது.

அதற்குப் பிறகு கிழமையில் நான்கு இரவு. அவவிடம் நான் முதலில் கேட்டது, பிழைவிட்டால் நிறுத்தித் திருத்துங்கள் என்று. இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மெய்நிகர் உலகத்தில் ஆக்கள் நல்லவர்கள், நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று விளங்கினால் போதும், பிழையை விட்டுவிட்டுக் கதையைத் தொடருவார்கள். அந்த நல்ல குணத்தால் என் பிழை எட்டு மாதம் வளர்ந்தது. “பிட்டெ கொரிகியெரென் ஸீ மிஹ்”, தயவுசெய்து திருத்துங்கள். “லாங்ஸாமர் பிட்டெ”, கொஞ்சம் மெதுவாக. “நொஹ் மால் பிட்டெ”, இன்னொருதரம். இந்த மூன்றையும் பாடமாக்கிக்கொண்டு மைக்கைப் போடுங்கள், வேறொன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவவுக்கும் எனக்கும் இடையில் “டூ”வை நிறுத்தி, கிழமைக்கு ஒரு நாள் “ஸீ” நாள் என்று வைத்தோம். அன்று அவ அலுவலகத்தில் இருக்கிற அதிகாரி, நான் படிவத்தோடு வந்தவள். இன்னொரு நாள் கடைத்தெரு. ஒவ்வொரு சாமானுக்கும் முன்னால் நின்று விலை கேட்பேன், அவ வாயால் மட்டும் சொல்லுவா, நான் கொப்பியில் எழுதிக் காட்டவேண்டும். ஐந்தும் இருபதும், ஏழும் நாற்பதும். அங்கே ரயில் பாதையும் இருக்கிறது, உண்மையாகவே ரயில் ஓடுகிறது. மேடையில் நின்று அறிவிப்பாளர் மாதிரிக் குரலை மாற்றி வாசிப்பா. மூன்று கிழமையில் என் காது திரும்பிவிட்டது.

காசு தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டா. ஆனால் வெறுங்கையோடு போக எனக்கு மனம் கேட்கவில்லை. நான் அவவுக்குத் தமிழில் எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், புட்டு அவிப்பது எப்படி என்று என் உடைந்த ஜேர்மனில் அரை மணித்தியாலம் விளக்கினேன், இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்த நாளில் எடுத்த படத்தை அனுப்பினேன். பழக வருகிறவர் வாங்குவது மட்டும் என்று இருந்தால் மூன்றாம் நாள் அவர்களுக்கு அலுத்துவிடும். உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு நாங்கள் ஒரு புதினம்தானே.

எழுத்துக்கு மட்டும் அந்த உலகத்தை நம்பவில்லை. சோதனையின் மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, டொய்ச்ச வெல்லே என்கிற ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் பாடங்களும் இலவசம். இதை முதல் மாதமே தேடாமல் விட்ட என்னை என்ன சொல்வது? பகலில் மாடு கட்டிவிட்டு வந்து ஒரு நாளைக்கு ஒரு கடிதம், கையால், 40 பக்கக் கொப்பியில். பெயர்ச்சொல்லுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் பெரிய எழுத்து. படம் எடுத்து அவவுக்கு அனுப்புவேன், இரவு திருத்தம் வரும். இரண்டு கொப்பி முடிந்தது. 2023 பெப்ரவரியில் திரும்பப் போனேன். அறிவிப்பு ஓடத் தொடங்கியபோது அந்த அம்மாவின் போலிக் குரல்தான் கேட்கிற மாதிரி இருந்தது, சிரிப்பு வந்துவிட்டது. 81 புள்ளி.

விசாவுக்குப் பேப்பர் எல்லாம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். தோட்டை இன்னும் மீட்கவில்லை. லப்டொப் இப்போது அடுத்த ஒழுங்கையில் இருக்கிற பிள்ளையிடம், அவளுக்கும் பெடியன் அங்கேதான். முந்தநாள் இரவு அவள் வீட்டு விறாந்தையில் பக்கத்தில் இருந்து அமைப்புகள் எல்லாவற்றையும் குறைத்துக் கொடுத்தேன், தடுக்கிற பொத்தானைக் காட்டினேன், அவளின் அம்மாவையும் கூப்பிட்டு இருத்தினேன். 12 மணியானதும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். “அக்கா, முதல்ல என்ன சொல்லுறது?” என்றாள்.

“குட்டன் ஆபென்ட் எண்டு சொல்லு” என்றேன். “அங்கை இப்ப ஏழரைதான்.”